ஏழாம் எண் பாட்டி

வம்சாவளித் தளத்தில் புதிதாக ஓர் ஆளைச் சேர்க்கப் போனால் சின்னப் படிவம் ஒன்று திறக்கும். ஏழெட்டு வரிதான். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த எங்கள் குடும்பத்தை அந்த வரிகளுக்குள் உட்காரவைக்க எனக்கு இரண்டு வருடம் ஆனது. படிவம் ஒவ்வொரு வரியிலும் கேட்பது என்ன, நாம் எழுத வேண்டியது என்ன என்பதற்கே இந்த உரை. சொன்னவர் என் அம்மாவைப் பெற்ற பாட்டி. கேட்டு எழுதிக்கொண்டவன் நான்.

"பெயர் – குடும்பப் பெயர்"

முதல் வரியிலேயே இடறும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. மலேசிய அடையாள அட்டையில் நம் பெயருக்கும் தகப்பன் பெயருக்கும் நடுவே 'ஏ/எல்' அல்லது 'ஏ/பி' நிற்கும். அனாக் லெலாக்கி, அனாக் பெரெம்புவான், அதாவது மகன், மகள். அதற்குப் பின்னால் வரும் தகப்பன் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டால், தலைமுறைக்குத் தலைமுறை குடும்பமே மாறிவிட்டதாகத் தளம் எடுத்துக்கொள்ளும். அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். தகப்பன் யார் என்பதை வம்சாவளி மரத்தில் இருவரையும் இணைக்கும் கோடு சொல்லும்.

எழுத்து வேறு தொல்லை. தோட்டத்து ஆள் பதிவேடான செக்ரோலில் கிராணி, அதாவது எழுத்தர், காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினார். பிறப்புப் பத்திரம் எழுதியவர் வேறு மாதிரி எழுதினார். தேடும்போது இதைச் சமாளிக்கப் பல தளங்களில் சவுண்டெக்ஸ் என்ற கருவி இருக்கிறது. 1918-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற முறை அது. பெயரின் முதல் எழுத்தையும் அடுத்து வரும் மெய்யெழுத்துகளின் எண்களையும் கோத்து ஒரு குறியீடு தரும். முனியாண்டியை 'ஒய்' போட்டு முடித்தாலும் 'ஐ' போட்டு முடித்தாலும் ஒரே குறியீடு வரும். ஆனால் நம் தோட்டங்களில் வழங்கும் 'லெட்சுமி' எழுத்துக்கூட்டலுக்கு எல்-325. தமிழ்நாட்டு ஊர்ப்பக்கம் எழுதும் 'லக்ஷ்மி'க்கு எல்-250. கருவிக்கு அவர்கள் இரண்டு பெண்கள். அதனால் 'வேறு பெயர்கள்' என்ற பகுதியைத் திறந்து, கைக்கு வந்த எழுத்துக்கூட்டல் அத்தனையையும் போட்டுவிடுங்கள். தமிழிலும் ஒருமுறை எழுதுங்கள். பேரப்பிள்ளைகள் சரியாக உச்சரிக்க அது ஒன்றுதான் வழி.

"பிறந்த நாள்"

தெரியாத தேதியை உண்டாக்காதீர்கள். மரபுவழிக் கோப்புகளை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோக 1984 முதல் ஜெட்காம் என்ற பொது வடிவம் இருக்கிறது. 'சுமார்', 'முன்', 'பின்', 'இடையில்' என்று தேதிக்கு அடைமொழி சேர்க்க அதிலேயே இடம் உண்டு. "ஜப்பான்காரன் வர்றதுக்கு நாலஞ்சு வருசம் முன்னாடி" என்று தன் கடைசித் தம்பி பிறந்ததைப் பாட்டி சொன்னால் அதுவே 'சுமார் 1937'. ஜப்பானியர் மலாயாவில் இறங்கியது 1941 டிசம்பர்.

"பிறந்த இடம்"

இந்த வரியில் நிதானமாக நில்லுங்கள். ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸல் கேமரன் மலையில் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியது 1929-இல். அடிவாரத் தாப்பாவிலிருந்து மலைமேல் தானா ராத்தாவுக்குச் சாலை முடிந்தது 1931-இல். ஆகவே 1915-இல் பிறந்த கொள்ளுத்தாத்தாவுக்குப் பிறந்த இடம் 'கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம்' என்று ஒரு மரத்தில் இருந்தால் அது தவறு. அப்போது அங்கே தேயிலைத் தோட்டமே இல்லை.

இதோடு இன்னொரு கணக்கையும் சேருங்கள். உலகப் பொருளாதார மந்தத்தால் 1930-இல் இந்தியாவிலிருந்து மலாயாவுக்கு உதவித்தொகையுடன் ஆள் சேர்ப்பது நின்று, 1934-இல்தான் மறுபடி தொடங்கியது. 1938-இல் இந்திய அரசு அதை முழுவதும் தடுத்துவிட்டது. ஊரிலிருந்து ஆள் திரட்டும் கங்காணியோடு கப்பலேறி நேராகத் தேயிலை மலைக்கு வந்திருக்கக்கூடிய காலம் மிகக் குறுகியது. முதல் தலைமுறையில் பலர் கீழே ரப்பர் தோட்டங்களில் இருந்து பிறகு மலையேறியவர்களாக இருக்கவே வாய்ப்பு அதிகம். "மலைக்கு வர்றதுக்கு முன்னாடி எங்க இருந்தீங்க?" என்று தனியாகக் கேளுங்கள். கேட்டேன். தாப்பாவுக்குக் கீழே ஒரு ரப்பர் தோட்டம் வெளியே வந்தது. பாட்டி பிறந்தது அங்கேதான். மலையில் பிறந்தது அவருடைய தம்பி.

ஊர்ப்பக்கத்து முகவரியிலும் ஒரு சிக்கல். "திருச்சி ஜில்லா" என்று பெரியவர்கள் சொன்ன கிராமம் இன்றைக்குப் பெரம்பலூரிலோ கரூரிலோ இருக்கலாம். 1995-இல்தான் அவை பிரிந்தன. சேலத்திலிருந்து நாமக்கல் பிரிந்தது 1997-இல். அன்றைய பெயரை எழுதிவிட்டு இன்றைய மாவட்டத்தைக் குறிப்பில் போடுவதே முறை.

பிற்காலத்தவருக்கு அடையாள அட்டை எண்ணே சாட்சி சொல்லும். முதல் ஆறு இலக்கம் பிறந்த நாள், அடுத்த இரண்டு மாநிலம். கேமரன் மலை இருக்கும் பகாங்குக்கு 06, தாப்பா இருக்கும் பேராக்குக்கு 08. என் தங்கைக்கு 08. பிரசவத்துக்கு அம்மாவை அந்த வளைவுச் சாலையில் தாப்பாவுக்கு இறக்கிய இரவு அந்த இரண்டு இலக்கத்தில் இருக்கிறது.

"பெற்றோர் – துணை"

என் அம்மாவை மணந்தவர் அவருடைய தாய்மாமன். அதாவது என் அப்பா பாட்டியின் கடைசித் தம்பி. எங்களுக்கு இது ஊரறிந்த உறவு. பாட்டி எனக்கு அம்மாவின் அம்மா, அப்பாவின் அக்கா. அப்பாவுக்கு அவர் அக்காவும் மாமியாரும்.

முன்னோருக்கு எண் கொடுக்கும் முறை ஒன்று உண்டு. 1590-இல் ஆஸ்திரியரான மைக்கேல் ஐட்சிங்கர் அச்சிட்டது. நான் 1. யாருடைய எண்ணை இரட்டித்தாலும் அவருடைய தகப்பன், அதோடு ஒன்று கூட்டினால் தாய். அப்பா 2, அம்மா 3. அப்பாவின் தகப்பன் 4, தாய் 5. அம்மாவின் தாயான பாட்டி 7. பாட்டியின் பெற்றோர் 14, 15. எங்கள் வீட்டில் 4-ம் 14-ம் ஒரே மனிதர், 5-ம் 15-ம் ஒரே மனுஷி. ஒவ்வோர் எண்ணும் ஒவ்வோர் ஆள் என்று எண்ணுகிறவர்கள் இங்கே பழைய ஆளையே புதிதாக ஒருமுறை உண்டாக்கிவிடுவார்கள். அப்படிச் செய்யாதீர்கள். ஏற்கெனவே இருப்பவரோடு கோட்டை இணையுங்கள். முன்னோரை வளையம் வளையமாக அடுக்கிக் காட்டும் விசிறிப் படத்தில் அவர் இரண்டு இடத்தில் தெரிவார், ஆனால் பதிவு ஒன்றுதான்.

அந்த விசிறிப் படத்தை அச்செடுத்துப் பாட்டி மடியில் வைத்துப் பெயர்களைப் படித்துக் காட்டினேன். விரலை வளையம் வளையமாக நகர்த்தியவர் நிறுத்தினார். "எங்கப்பாவ ஏன்யா ரெண்டு எடத்துல போட்டிருக்க?" நான் விளக்கினேன். "அப்ப சரி. அந்தப் பக்கமும் அவருதான், இந்தப் பக்கமும் அவருதான்" என்றார். நான் அரைமணி நேரம் மென்பொருளோடு மல்லுக்கட்டியது அவருக்கு ஒரு நொடியில் விளங்கியது.

உறவைக் கணக்கிட்டுச் சொல்லும் கருவியை மட்டும் நம்பிவிடாதீர்கள். அதற்குச் சித்தப்பா மகனும் மாமன் மகனும் ஒரே சொல், 'கசின்'. நமக்கு ஒருவர் பங்காளி, அண்ணன் தம்பி முறை. இன்னொருவர் மச்சான், பெண் கொடுத்து எடுக்கும் முறை. தமிழர் முறைப் பெயர்களின் இந்த ஒழுங்கை லூயிஸ் ஹென்றி மார்கன் 1871-இலேயே அமெரிக்கப் பழங்குடியான செனகா மக்களின் முறையோடு ஒப்பிட்டு எழுதினார். இன்றைய கருவிக்கு அது இன்னும் எட்டவில்லை. குறிப்புக் கட்டத்தில் 'மாமா', 'பெரியப்பா', 'நாத்தனார்' என்று தமிழில் எழுதிவைப்பதே நம் கருவி.

"இறந்த நாள், இடம்"

4-ஆம் எண்காரரின் தம்பிக்கு இந்த வரி காலி. சயாம்–பர்மா ரயில் பாதை வேலைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் கொண்டுபோன தமிழர்களில் அவரும் ஒருவர். 1942-லும் 43-லும் போட்ட 415 கிலோமீட்டர் பாதை. திரும்பி வரவில்லை. 'பின் 1942' என்று போட்டிருக்கிறேன். இடம் எழுதவில்லை. ஊகித்து ஒரு முகாமின் பெயரைப் போட எனக்கு மனம் வரவில்லை.

"பிற தொடர்புகள்"

பலர் திறந்தே பார்க்காத பகுதி. இரத்த உறவோ மண உறவோ இல்லாதவரையும் ஒருவரோடு இணைத்து, என்ன தொடர்பு என்று எழுதலாம். தோட்டத்துக் குடும்பங்களுக்கு இது மிகவும் வேண்டும். கப்பலில் கூட வந்தவர், ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்த்தவர், முறை வைத்துக் கூப்பிட்டே உறவானவர் எல்லாருக்கும் இதை விட்டால் வேறு இடம் கிடையாது.

அப்பா பிறந்தபோது 5-ஆம் எண்ணுக்கு, அவருடைய அம்மாவுக்கு, காய்ச்சல் கண்டு பால் வற்றிவிட்டது. பத்து வயதுப் பாட்டி தம்பியைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு, வரிசை வீடுகளான லயத்தில் பக்கத்து வீட்டுக்குப் போவார். அங்கே கைக்குழந்தையோடு ஒருத்தி. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் ஒருதரம், கொழுந்து நிறுத்துப் போட்டுத் திரும்பியதும் ஒருதரம், இரண்டு பிள்ளைக்கும் பால் கொடுத்திருக்கிறார். எத்தனை நாள் என்று கேட்டேன். "அம்மா எந்திரிச்சு ஒக்கார்ற வரைக்கும்" என்றார் பாட்டி.

பெயர் கேட்டேன். வெகுநேரம் யோசித்தார். எல்லாரும் 'மூக்குத்தியக்கா' என்றுதான் கூப்பிடுவார்களாம். பெயர்க் கட்டத்தில் அதையே தமிழில் எழுதி, எங்கள் 2-ஆம் எண்ணோடு இணைத்தேன். 'என்ன தொடர்பு' என்று தளம் கேட்டது. 'பால் கொடுத்தவர், சுமார் 1937' என்று நிரப்பினேன்.