மாறும் தொடக்கம், மாறா முடிவு: அண்ணன்மார் கதை வடிவங்களும் ‘ஃபைனல் ஃபேண்டஸி 7’ தொடரின் கதைப்பின்னலும்

ஆய்வுச் சுருக்கம்

கொங்கு நாட்டின் அண்ணன்மார் கதை, உடுக்கைப் பாட்டு, ஏட்டுப் பதிப்பு, புதினம், திரைப்படம், அசைவூட்டத் தொடர் எனப் பல வடிவங்களில் வழங்கிவருகிறது. ஜப்பானில் 1997-ல் வெளியான ‘ஃபைனல் ஃபேண்டஸி 7’ என்னும் பாத்திரமேற்பு விளையாட்டும் முன்கதை, பின்கதை, மறு ஆக்கம் எனத் தொடராக வளர்ந்துள்ளது. இவ்விரு கதைக் குடும்பங்களிலும் எப்பகுதி மாறுகிறது, எப்பகுதி மாறாது நிற்கிறது என்பதை இக்கட்டுரை ஒப்பிட்டு ஆராய்கிறது. மக்கள் பங்கேற்பு கதையின் முடிவை நெகிழச் செய்வதில்லை, மாறாக அதனை நிலைநிறுத்துகிறது என்பது இதன் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: அண்ணன்மார் கதை, பொன்னர் சங்கர், படுகளம், பாத்திரமேற்பு விளையாட்டு, கதைப்பின்னல், வழிநூல்

முன்னுரை

விளையாடுபவர் ஒரு கதைமாந்தரின் பாத்திரத்தை ஏற்று, அம்மாந்தராகவே கதைக்குள் நடந்து, போரிட்டு, முடிவுகள் எடுக்கும் கணினி விளையாட்டு பாத்திரமேற்பு விளையாட்டு எனப்படும். இவ்வகை பற்றிய எழுத்துகளில் ஒரு கருத்து அடிக்கடி முன்வைக்கப்படுகிறது. ஏட்டிலும் திரையிலும் கேட்பவரும் காண்பவரும் கதைக்கு வெளியே நிற்கின்றனர். விளையாட்டிலோ அவர்கள் உள்ளே நுழைகின்றனர். ஆகவே கதையின் முடிவு அவர்கள் கைக்கு வந்துவிடுகிறது என்பதே அக்கருத்து. 1995-ல் வெளியான ‘குரோனோ டிரிகர்’ போன்ற பல முடிவுகளையுடைய விளையாட்டுகள் இதற்குச் சான்றாகக் காட்டப்படும்.

இக்கருத்தைத் தமிழ் வழக்காற்றின் துணைகொண்டு சோதித்துப் பார்க்க இயலும். கணினிக்கு நெடுங்காலம் முன்பே, கேட்போர் கதைமாந்தராக மாறும் மரபு தமிழகத்தில் உண்டு. கீழ்ப்பழனி மலையின் பாச்சலூரிலிருந்து ஒட்டன்சத்திரம் நோக்கி இறங்கும் மலைச்சாலை, கொங்குச் சமவெளியின் தென் விளிம்பை அடைகிறது. அங்கிருந்து வடக்கேயும் கிழக்கேயும் காவிரிக் கரை வரை விரியும் நிலப்பரப்பே அண்ணன்மார் கதை வழங்கும் களம். அக்கதை கேட்கப்படுவது மட்டுமன்று. படுகளச் சடங்கில் மக்களால் ஏற்று நிகழ்த்தவும்படுகிறது. எனவே பாத்திரமேற்பு விளையாட்டுத் தொடரோடு ஒப்பிடத்தக்க மரபாக அது அமைகின்றது.

கதையின் வடிவங்கள்

அண்ணன்மார் கதை மூன்று தலைமுறைக் கதையாகும். சோழ மன்னனிடம் நிலம் பெற்றுப் பொன்னிவள நாட்டில் உழவைத் தொடங்கும் பாட்டன்; குன்னுடையான் எனவும் நெல்லியங்கோடன் எனவும் அழைக்கப்படும் தந்தையும், மகப்பேற்றுக்காகச் சிவனை நோக்கித் தவமிருக்கும் தாய் தாமரையும்; அத்தவத்தின் பயனாய்ப் பிறக்கும் பொன்னர், சங்கர், அவர்தம் தங்கை தங்காள் என்போர் அம்மூன்று தலைமுறையினர். சகோதரர் இருவர்க்கும் 16 ஆண்டுகளே ஆயுள் என்பது பிறப்பிலேயே விதிக்கப்பட்டுவிடுகிறது. பங்காளிகளோடு பகை, சோழனோடு முரண், காட்டு வேட்டுவரோடு போர், வயல்களை அழிக்கும் கொம்பன் என்னும் காட்டுப்பன்றியின் வேட்டை எனக் கதை விரிந்து, சகோதரர் மாய்வதிலும் தங்காள் அவர்களைத் தேடிக் காடு செல்வதிலும் முடிவை நெருங்குகிறது.

இக்கதையின் வாய்மொழி வடிவை 1960களில் கொங்குப் பகுதியில் தங்கிப் பதிவு செய்தவர் மானிடவியலாளர் பிரெண்டா பெக். பாடகர் பல இரவுகள் பாடியளித்த வடிவையும், அவரே சொல்லி எழுதச் செய்த வடிவையும் ஒப்பிட்டு அவர் எழுதிய ‘தி த்ரீ ட்வின்ஸ்’ என்னும் நூல் 1982-ல் வெளிவந்தது. சென்னை ஆசியவியல் நிறுவனம் 1992-ல் அவர் பதிவின் மூலத்தையும் ஆங்கில ஆக்கத்தையும் வெளியிட்டது. 1970களில் கவிஞர் சக்திக்கனல் ‘அண்ணன்மார் சுவாமி கதை’யைப் பதிப்பித்தார். 1980களில் மு. கருணாநிதி ‘பொன்னர்-சங்கர்’ என்னும் பெயரில் இதனை வரலாற்றுப் புதினமாக எழுதினார். அப்புதினத்தைத் தழுவித் தியாகராஜன் இயக்கத்தில் பிரசாந்த் இரட்டை வேடமேற்ற திரைப்படம் 2011 ஏப்ரலில் வெளியாயிற்று. பிரெண்டா பெக்கே பின்னர்க் கனடாவிலிருந்து இக்கதையை 26 பகுதிகள் கொண்ட அசைவூட்டத் தொடராக உருவாக்கினார்.

ஜப்பானியத் தொடரின் வடிவங்கள்

‘ஃபைனல் ஃபேண்டஸி’ என்னும் பெயரில் முதல் விளையாட்டு 1987 டிசம்பரில் வெளியாயிற்று. அதன் ஆக்கத்துக்குத் தலைமை வகித்தவர் ஹிரோனோபு சகாகுசி. எண்ணிட்டு வரும் ஒவ்வொரு விளையாட்டும் தனி உலகையும் தனி மாந்தரையும் உடையது. படிகக் கற்கள், சோகோபோ என்னும் பெரும்பறவை, சிட் என்னும் பெயருடைய ஒருவர் என மீண்டும் மீண்டும் வரும் சில கூறுகளே அவற்றை ஒரு தொடராக இணைக்கின்றன. ஆயின் 1997 ஜனவரியில் வெளியான 7-ஆம் விளையாட்டு தனக்கென ஒரு கதைக் குடும்பத்தைப் பெற்றது. அதனால் கதைப்பின்னல் ஒப்பீட்டுக்கு அதுவே ஏற்றதாகிறது.

அவ்விளையாட்டின் தலைவன் கிளவுட். நிலத்தின் உயிராற்றலை உறிஞ்சும் ஷின்ரா நிறுவனத்தை எதிர்க்கும் குழுவோடு அவன் இணைகிறான். அக்குழுவில் ஒருத்தியான ஏரித் என்னும் பெண்ணைப் பகைவனாகிய செஃபிரோத் கதையின் நடுவில் கொல்கிறான். விளையாடுபவர் எத்துணைத் திறமையோடு ஆடினும் இக்கொலையைத் தடுக்க இயலாது.

இதன்பின் வெளியானவை காலவரிசையில் வளர்ந்தாலும் கதைக்காலத்தில் முன்னும் பின்னும் சென்றன. 2004-ல் வந்த ‘பிஃபோர் கிரைசிஸ்’, 2007-ல் வந்த ‘கிரைசிஸ் கோர்’ ஆகியன முன்கதைகள். 2005-ல் வந்த ‘அட்வென்ட் சில்ட்ரன்’ என்னும் திரைப்படமும், 2006-ல் வந்த ‘டர்ஜ் ஆஃப் செர்பரஸ்’ என்னும் விளையாட்டும் பின்கதைகள். 2020-ல் ‘ரீமேக்’, 2024-ல் ‘ரீபர்த்’ என மூலக்கதையே மறு ஆக்கம் பெறத் தொடங்கியது.

மாறும் பகுதிகள்

இரு குடும்பங்களிலும் கதை வளரும் திசை ஒன்றாகவே இருப்பது நோக்கத்தக்கது. தலைவன் வீழும் இடத்தை விட்டுவிட்டு, அதற்கு முன்னுள்ள பகுதியே பெருகுகிறது. அண்ணன்மார் கதையில் தலைவர் பிறப்பதற்கு முன்பே பாட்டன் கதையும் தந்தை கதையும் நெடிது நடக்கின்றன. பாட்டன் நிலம் பெற்றதையும் தாய் தவமிருந்ததையும் கேட்டபின்னரே சகோதரரின் குறுகிய ஆயுள் கேட்போர்க்குப் பொருளுடையதாகிறது. ‘கிரைசிஸ் கோர்’ செய்வதும் இதுவே. முதல் விளையாட்டில் நினைவாக மட்டும் வந்து மறையும் ஸேக் என்னும் வீரனை அது தலைவனாக்கி, அவன் வாழ்வை முழுமையாகச் சொல்கிறது.

மாந்தர் பெயர், உறவுமுறை, பகைக்கான காரணம் என்பனவும் நெகிழ்பவையே. தந்தையின் பெயர் வடிவந்தோறும் வேறுபடுகிறது. பாடகர் பாடும்போதும் எழுதச் சொல்லும்போதும் உரையாடலின் அளவும் விரிவும் வேறாகின்றன. புதினம் இதனை வரலாற்றுக் கதையாக நிறுத்தும்போது தெய்வச் செயலுக்குரிய இடத்தை அரசியல் பகை ஏற்கிறது. தொல்காப்பிய மரபியல் வழிநூலுக்குக் கூறும் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என்னும் நான்கு நெறிகளும் இம்மாற்றங்களை வகைப்படுத்தப் போதுமானவை. பாட்டன் கதை விரித்தல், திரைப்படம் தொகுத்தல், இருமொழி அசைவூட்டத் தொடரில் தொகைவிரியும் மொழிபெயர்ப்பும் ஒருங்கே அமைகின்றன.

படுகளமும் இறுதிப்போரும்

மாறாத பகுதிக்கு வருவோம். பெக் பதிவுசெய்த கொங்கு வடிவில் சகோதரரைப் பகைவரின் படை வெல்வதில்லை. விதித்த காலம் முடிந்ததைத் தெய்வக் குறிப்பால் உணர்ந்து அவர்கள் தம் வாளிலேயே வீழ்கின்றனர். தங்காள் அவர்களைத் தேடிவந்து எழுப்புகிறாள். எழுந்தவர் மீண்டும் வாழ்வதற்காக எழுவதில்லை. தங்கையோடு சில சொற்கள் பேசிவிட்டு முடிவுக்கே திரும்புகின்றனர்.

இப்பகுதியே சடங்காக நிகழ்கிறது. மணப்பாறையை அடுத்த வீரப்பூரில் மாசித் திருவிழாவின்போதும், கொங்குப் பகுதியின் பல ஊர்களிலும் படுகளம் நிகழ்த்தப்படுகிறது. அருள் வந்த ஆடவர் போரில் மாண்ட வீரராய்த் தரையில் வீழ்ந்து கிடப்பர். தங்காளின் பெயரால் நீர் தெளிக்கப்பட்டதும் எழுவர். இங்குப் பாத்திரத்தை ஏற்பவர் கூத்துக் கலைஞர் அல்லர். கதையைக் கேட்டு வளர்ந்த ஊர்மக்களே.

‘கிரைசிஸ் கோர்’ முடிவு இதனோடு வியக்கத்தக்க ஒப்புமை உடையது. ஸேக் இறப்பான் என்பதை 1997 விளையாட்டை அறிந்தவர் அனைவரும் அறிவர். எனினும் விளையாட்டு அந்த இறப்பைக் காட்சியாக மட்டும் காட்டுவதில்லை. ஷின்ரா படையை எதிர்த்து நிற்கும் கடைசிப் போரை விளையாடுபவர் கையிலேயே ஒப்படைக்கிறது. பகைவர் எண்ணிக்கை குறைவதில்லை. ஸேக்கின் ஆற்றல் தளர்கிறது. நினைவுகள் ஒவ்வொன்றாய் மங்குகின்றன. பொத்தான்களை அழுத்திக்கொண்டே ஒருவர் தாம் ஏற்ற மாந்தனின் வீழ்ச்சியை நிகழ்த்துகிறார்.

முடிவு தெரிந்திருந்தும் ஏன் ஆட வேண்டும் என்னும் வினா இங்கு எழுகிறது. படுகளத்தில் வீழ்பவர் கதையின் முடிவை மாற்ற வருவதில்லை. அம்முடிவில் தாமும் பங்கு கொள்ளவே வருகின்றனர். கேட்டலால் மட்டும் பெறவியலாத ஒன்றை, அதாவது இறப்பை உடலால் ஏற்று மீள்வதை, சடங்கு அவர்க்கு அளிக்கிறது. பொன்னரும் சங்கரும் உலகில் தங்குவதில்லை; அவர்க்காக வீழ்ந்தவரோ எழுந்து வீடு திரும்புகிறார். முடிவு மாறுமாயின் இப்பயன் இல்லாமற்போகும். ஆகவே பங்கேற்பே முடிவைக் காக்கும் அரணாகிறது.

முடிவை மாற்றும் முயற்சி

ஏரித்தின் இறப்பு இதனை மறுதலையாக மெய்ப்பிக்கிறது. இத்தொடரின் போர்களில் வீழ்ந்த தோழரைப் ‘பீனிக்ஸ் டவுன்’ என்னும் இறகால் எழுப்பலாம். ஏரித்தை எழுப்ப அவ்விறகு உதவாது. விளையாட்டின் விதிக்கும் கதையின் விதிக்கும் இடையிலான இம்முரணை ஏற்க இயலாத பலர் அவளை மீட்க மறைவழி உண்டோ என ஆண்டுக்கணக்கில் தேடினர். வழி இல்லை.

‘ரீமேக்’ இத்தேடலையே கதைப்பொருளாக்கியது. மூலக்கதையிலிருந்து நிகழ்ச்சிகள் விலகும்போதெல்லாம் சாம்பல் நிற உருவங்கள் தோன்றி அவற்றைப் பழைய வழிக்குத் திருப்புகின்றன. அவை ஊழின் காவலர் எனப்படுகின்றன. அவற்றை வென்று மாந்தர் முன் செல்வதோடு அவ்விளையாட்டு முடிகிறது. ஆயினும் ‘ரீபர்த்’ விளையாட்டில் அதே இடம் வரும்போது, கிளவுட் வாளைத் தடுத்துவிட்டதுபோன்ற காட்சியும் ஏரித் வீழ்ந்த காட்சியும் மாறிமாறித் தோன்றுகின்றன. தோழர் அவளுக்காக அழ, கிளவுட் கண்ணுக்கு மட்டும் அவள் உடனிருப்பவளாகத் தோன்றுகிறாள். ஊழை வென்றதாக அறிவித்த ஆக்கமே அவ்விறப்பை விட்டு விலகவில்லை. அக்காட்சி இரண்டு தலைமுறை விளையாட்டாளரின் நினைவில் ஏறக்குறையச் சடங்கின் நிலையை அடைந்துவிட்டது எனலாம்.

முதல்நூலின் இடம்

எனினும் இரு மரபுகளுக்கும் அடிப்படை வேறுபாடு ஒன்று உண்டு. ஜப்பானியத் தொடருக்கு நாள் குறிக்கத்தக்க முதல்நூல் இருக்கிறது. அதற்கு உரிமையுடைய நிறுவனமும் இருக்கிறது. எதை மாற்றுவது என்னும் அதிகாரம் அந்நிறுவனத்தின் கையில் உள்ளது. அண்ணன்மார் கதைக்கு அத்தகைய முதல்நூல் கிடையாது. ஒவ்வொரு பாடகரும் தம் ஆசானிடமிருந்து பெற்றதைப் பாடுகிறார். ஏடும் அச்சும் அவ்வோடையின் சில துறைகளே. முதல்நூல் இல்லாத நிலையில் கதை சிதறாமல் காப்பது எது எனின், படுகளமே என்பது இவ்வொப்பீட்டால் புலனாகிறது. வடிவங்களைச் சரிபார்க்க உதவும் அளவுகோல் ஏட்டில் இல்லை, களத்தில் இருக்கிறது.

இதனால் ஆய்வுமுறைக்கும் ஒரு விளைவு உண்டு. கதைப்பாடல் வடிவங்களை ஒப்பிடுவோர் பாடபேதங்களைத் தொகுத்து மூலத்தை மீட்க முயல்வது வழக்கம். அண்ணன்மார் கதைக்கு அம்முறை போதாது. உரைகளோடு சடங்கையும் ஒரு வடிவமாகக் கொள்ளாவிடில் எது மையம், எது விரிவு என்பதை உறுதிசெய்ய இயலாது.

ஒப்பீட்டின் வரம்பொன்றையும் இங்குச் சுட்டுதல் வேண்டும். ஷின்ராவும் செஃபிரோத்தும் கற்பனை. அவர் வழித்தோன்றல் எவரும் இல்லர். அண்ணன்மார் கதையில் பகைவராக வரும் வேட்டுவரோ இன்றும் வாழும் சமூகத்தின் பெயரைத் தாங்கியவர். கதையைப் புனைவுலகமாக மட்டும் நோக்கும் மறு ஆக்கங்கள், குறிப்பாக எதிர்காலத்தில் விளையாட்டாக ஆக்க முனைவோர், பகைத்தரப்பை வெல்லவேண்டிய இலக்காக மட்டும் சுருக்கினால் அது வாழும் மக்களைச் சுடும்.

முடிவுரை

அண்ணன்மார் கதையும் ‘ஃபைனல் ஃபேண்டஸி 7’ தொடரும் தொடக்கத்தை விரித்து, முடிவைக் காத்து வளர்கின்றன. பங்கேற்பவர் கதைக்குள் நுழைந்தால் கதை அவர் விருப்பப்படி நெகிழும் என்னும் பொதுக்கருத்து இவ்விரு குடும்பங்களுக்கும் பொருந்தவில்லை. மக்கள் உடலாலும் கையாலும் நிகழ்த்தும் இறப்பே அவற்றின் அசையாத பகுதி. முதல்நூலும் உரிமையாளரும் உள்ள தொடரில் அவ்விறப்பு மாற்றப்படக்கூடும் என்னும் ஐயம் எப்போதும் உண்டு. முதல்நூல் இல்லாத கொங்குக் கதையில் அந்த ஐயத்துக்கு இடமில்லை. ஆண்டுதோறும் மக்கள் வீழ்ந்து எழும் களமே அதன் முதல்நூலாக நிற்கிறது.