பக்தியும் பிணியும்

பிழைப்பை நாடி வேற்று மாநிலத்தில் குடியேறிய தமிழர் ஒருவர் மனநல மருத்துவமனைக்குச் செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். “என்மேல் அம்மன் இறங்கினாள்” என்கிறார். அதை அவ்வூர் மொழியில் பெயர்த்துச் சொல்லிவிடலாம். ஆனால், சொல் பெயர்ந்த அளவிலே பொருளும் பெயர்ந்துவிடுவதில்லை. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் இதனை நன்கு அறிவோம். கேட்கும் உளவியலாளர் அதைப் பக்தி என்று கொள்வாரா, பிணி என்று கொள்வாரா? பகுத்தறியும் பயிற்சி அவருக்கு உண்டா?

நம் நாட்டில் இப்பயிற்சியின் வரலாறு மிகப் பழையதன்று. பெங்களூரில் 1954-ஆம் ஆண்டு அகில இந்திய மனநல நிலையம் தோன்றியது. உளவியலாளர்களைப் பயிற்றுவிக்கும் பணியும் அங்கே நடைபெறலாயிற்று. 1974-இல் அதுவே நிம்ஹான்ஸ் என்னும் நிறுவனமாக விரிந்தது. அங்கே கற்பித்த கலை மேனாட்டில் வளர்ந்தது; நாடி வந்த நோயாளிகளோ கோயிலையும் தர்காவையும் தேவாலயத்தையும் நம்பி வாழ்ந்தவர்கள்.

மேனாட்டாரும் இவ்விடர்ப்பாட்டை உணராமலில்லை. 1994-இல் வெளிவந்த அமெரிக்க மனநோய் வகைப்பாட்டு நூலின் நான்காம் பதிப்பு, மதம் அல்லது ஆன்மிகம் பற்றிய மனக்கலக்கத்தை நோயென்று கொள்ளாமல் தனியே குறித்தது.

நம்பிக்கையை நோயென்று கொள்வது ஒரு பிழை. நோயை நம்பிக்கையிடமே விட்டுவிடுவது மற்றொரு பிழை. இதன் கொடுமையை 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் கண்டோம். இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தர்காவை நாடி வந்த மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த தனியார் விடுதியொன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் தப்ப இயலவில்லை. 28 உயிர்கள் மாண்டன.

மறு ஆண்டே பெங்களூர் ஆய்வாளர்கள் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தமிழ்நாட்டுக் கோயிலொன்றில் சில வாரங்கள் தங்கிய 31 நோயாளிகளின் நோய்க்குறிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு தணிந்திருந்தன. அச்சுறுத்தாத, பரிவு மிக்க சூழ்நிலையே அதற்குக் காரணமாகலாம் என்று அவர்கள் கருதினர்.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சுற்றத்தாரின் சமய நம்பிக்கையோடு ஒருவர் ஒத்துப்போகாமையைக் கொண்டு அவரை மனநோயாளி என முடிவு செய்தலாகாது என்கிறது, சங்கிலியிடுவதையும் தடுக்கிறது.

சட்டம் எல்லையை வகுக்கும். நோயாளியின் சொல்லைப் பொறுமையுடன் கேட்கும் செவியைப் பயிற்சியே தரவேண்டும். “அம்மன் இறங்கினாள்” என்பவரிடம், “உங்கள் ஊரில் இதற்கு என்ன பொருள்? இதனால் உங்களுக்கு ஆறுதலா, துன்பமா?” என்று உளவியலாளர் வினவட்டும். அவ்வினாவில் சிகிச்சை தொடங்குகிறது. அயலூரில் வாழும் நமக்கு அது பேருதவியாகும்.