சீசாவுக்குள் புகுந்த எலுமிச்சை

தீபாவளிக்கு வரும் விருந்தினர்க்கு இனிப்பூட்டிய பழச்சாற்றை நீரில் கலந்து தருவது நம் இல்லங்களில் வழக்கமாகிவிட்டது. அகர் அகர் காய்ச்சும் தாய்மாரும் அதே சீசாவை நாடுவர். அடுப்பிலிருந்து இறக்கிய பின்னரே அதனைச் சேர்த்தல் வேண்டும். புளிப்போடு கொதிக்கவிட்டால் அகர் அகர் நன்றாக உறையாது. இக்கைப்பக்குவம் அறிந்தோர் பலர். அச்சீசாவின் பிறப்பு கடலோடு தொடர்புடையது என்பதை அறிந்தோர் சிலரே.

நெடுங்கடலோடிய மாலுமிகளை ஸ்கர்வி என்னும் நோய் வாட்டியது. ஈறு வீங்கிக் குருதி கசியும். ஆறிய புண்ணும் மீண்டும் வாய்திறக்கும். முடிவில் உயிர் போகும். 1747இல் சாலிஸ்பரி என்ற போர்க்கப்பலில் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட், நோயாளர் பன்னிருவரை இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வோர் இணைக்கும் வெவ்வேறு மருந்து கொடுத்துப் பார்த்தார். நாள்தோறும் ஈராரஞ்சும் ஒரு லெமனும் உண்டவர்களே விரைந்து தேறினர். கண்கூடான இவ்வுண்மையைப் பிரிட்டிஷ் கடற்படை ஏற்று, சாற்றை முறையாக வழங்க 1795 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று!

சாறு கெடாதிருக்க முன்னர் மதுவைக் கலந்தனர். ஸ்காட்லாந்தின் லீத் துறைமுகத்து வணிகர் லாக்லன் ரோஸ், மதுவின்றியே அதனைக் காக்கும் முறைக்கு 1867இல் காப்புரிமை பெற்றார். வணிகக் கப்பல்களும் மாலுமிகளுக்குச் சாறு வழங்க வேண்டுமென்ற சட்டம் அதே ஆண்டில் வந்தது. சர்க்கரை சேர்ந்த அச்சாறு கப்பலிலிருந்து இறங்கி வீடுகளுக்குள் புகுந்தது.

இங்கே ஒரு சொல் மயக்கம் நேர்ந்தது. மஞ்சள் நிற லெமனையும் பசிய லைமையும் நாம் எலுமிச்சை என்றே அழைக்கிறோம். ஆங்கிலேயரும் அன்று இவ்வாறே மயங்கினர். 1860களில் மத்தியதரைக்கடற்பகுதி லெமனை விடுத்து, தம் ஆட்சிக்குட்பட்ட மேற்கிந்தியத் தீவுகளின் லைமைக் கடற்படையினர் ஏற்றனர். பெயர் ஒத்தது, பயன் ஒக்கவில்லை. 1875இல் நேர்ஸ் தலைமையில் வடதுருவம் நோக்கிச் சென்ற குழுவினர், லைம் சாறு கைவசமிருந்தும் ஸ்கர்வியால் நலிந்து அடுத்த ஆண்டே திரும்பினர். பழத்தின் மேலேயே ஐயம் எழுந்தது. லைம் சாற்றின் காக்கும் ஆற்றல் லெமனினும் மிகக் குறைவென்று ஹேரியட் சிக் குழுவினர் 1918இல் காட்டினர். உயிர்ச்சத்து ‘சி’ பிரித்தறியப்பட்டது அதற்கும் பின்னரே.

சீசாவில் உள்ளது பெரும்பாலும் சர்க்கரையும் புளிப்பும் மணமுமே. கேக் மாவில் அதனை ஊற்றும்போது சர்க்கரையைக் குறைத்துக்கொள்ளலாம். சுட்ட கேக்கின் மேல் தடவினாலும் சுவை கூடும். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் மட்டும், என் வீட்டில் பழத்தைத்தான் பிழிகிறோம்.