கேமரன் மலைக்கு ஏறிவந்த தமிழர்

குறிஞ்சித் திணையைப் பாடமாக நடத்தும்போதெல்லாம் மாணவர் முகத்தில் ஒரு மயக்கத்தைக் காண்கிறேன். தினைப்புனமும் பரணும் தேனடையும் அவர்கள் காணாதவை. அதனால் நான் கேமரன் மலையை எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். குளிர் உண்டு, மூடுபனி உண்டு, அருவி உண்டு. ஆனால் அங்கே தினைக்குப் பதிலாகச் சங்கப் புலவர் அறியாத ஒரு செடி மலைமலையாய்ப் படர்ந்திருக்கிறது. அச்செடியை அங்கே நட்டு வளர்த்த கைகளுள் மிகப் பெரும்பாலானவை தமிழ்க் கைகள். இதைச் சொன்னதும் மாணவர் நிமிர்ந்து உட்காருவர். "யார் ஐயா அவர்கள்?" என்று அடுத்த வினா எழும். அவ்வினாவுக்கு நிறைவான விடை என்னிடம் நெடுங்காலம் இருந்ததில்லை. இன்றும் முழுமையாக இல்லை.

பகாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில் அமைந்தது கேமரன் மலை. தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் சாலை ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் என்னும் ஊர்களைக் கடந்து வடக்கே செல்கிறது. சுற்றுலாப் பயணிகளின் பேருந்துகள் பெரும்பாலும் பிரிஞ்சாங்கை அடுத்துள்ள சந்தைகளோடு திரும்பிவிடும். அதற்கப்பால் திரிங்காப், அதனையடுத்துக் கோலா தெர்லா, பின்னர் கம்போங் ராஜா. அதற்கும் அப்பால் புளூ வேலித் தேயிலைத் தோட்டம். ஆறு ஒன்று மற்றொன்றோடு கூடும் இடத்தை மலாய்மொழி 'கோலா' என்கிறது. நாம் 'கூடல்' என்போம். கோலா தெர்லா சிற்றூரே. சுற்றிலும் முட்டைக்கோசும் தக்காளியும் விளையும் சரிவுகள், நெகிழிக் கூரையிட்ட பந்தல்கள், ஆற்றுநீரைக்கொண்டு இயங்கும் ஒரு சிறு மின்நிலையம். காட்சிக்கென்று அங்கே எவரும் செல்வதில்லை. நான் சென்றது முதியோரைத் தேடி.

மலைவாழ்விடமும் தேயிலையும் ஒன்றாகச் சேர்ந்த கதை இமயத்தின் அடிவாரத்தில் தொடங்குகிறது. 1835இல் சிக்கிம் அரசரிடமிருந்து தார்ஜீலிங்கைப் பெற்ற ஆங்கிலேயர், நோயுற்ற படைவீரரும் அலுவலரும் உடல்தேறும் குளிரிடமாக அதனை ஆக்க விரும்பினர். அங்கே பொறுப்பேற்றிருந்த மருத்துவர் கேம்பெல் 1841இல் தம் தோட்டத்தில் தேயிலை விதையிட்டுப் பார்த்தார். அது தழைத்தது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் காஞ்சன்ஜங்காவைப் பார்த்த சரிவுகள் தேயிலைத் தோட்டங்களாக மாறத் தொடங்கின. 1881இல் மலை இரயிலும் வந்தது. கொழுந்து பறிக்க நேப்பாள மக்கள் கொண்டுவரப்பட்டனர். இலங்கையிலோ காப்பித் தோட்டங்களுக்காகச் சென்ற தமிழர் ஏற்கெனவே இருந்தனர். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துராவில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலையிட்டார். 1869 முதல் பரவிய இலைநோய் காப்பியை அழித்தபின், அத்தீவின் மலைகள் தேயிலைக்கு மாறின. துரைமாருக்குக் குளிரும் ஓய்வும், கூலிகளுக்குக் கூடையும் சரிவும் என்னும் இந்த ஏற்பாடு, அரைநூற்றாண்டு கழித்து மலாயாவுக்கு வந்து சேர்ந்தது.

1885இல் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் பேராக், பகாங் எல்லைப் புறத்தை அளந்தபோது இம்மேட்டு நிலத்தைக் கண்டதாக எழுதினார். அவர் குறித்த இடத்தைப் பின்வந்தோர் உறுதியாக இனங்காணவே நெடுங்காலம் ஆயிற்று. தாம் கண்ட நிலத்தைத் தெளிவாகக் காட்டாத ஒருவர் பெயர் அம்மலைக்கு என்றும் நிலைத்துவிட்டது. வரலாறு சில நேரங்களில் இப்படித்தான் கொடை வழங்குகிறது. 1925இல் மலாய்க் கூட்டு மாநிலங்களின் தலைமைச் செயலர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் அங்கே சென்று பார்த்து, மலைவாழ்விடம் அமைக்க முடிவு செய்தார். மறு ஆண்டு சாலைப்பணி தொடங்கியது. சமநிலம் என்று பொருள்படும் தானா ராத்தாவில் சோதனைப் பண்ணை ஒன்றும் அமைந்தது. ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் நீளமுள்ள அச்சாலை நிறைவுற 1930ஐ ஒட்டிய காலம் ஆயிற்று. அதற்குள்ளாகவே, சுரங்கத்திலும் ரப்பரிலும் தொழில் கண்டிருந்த ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர், இலங்கையில் தேயிலை பயின்ற ஏ. பி. மில்னுடன் சேர்ந்து 1929இல் போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் அவர் மறைந்தார், தோட்டம் நிலைத்தது.

இதுவரை கூறியவை எல்லா நூல்களிலும் உள்ளவை. இனித்தான் வினா எழுகிறது. செங்குத்தான காட்டை வெட்டி, வேர் களைந்து, சரிவில் வரிசை பிடித்துக் கன்று நட்டவர் யாவர்? போ தோட்டத்தின் தொடக்கத்தைக் கூறுவோர் ஒரு நீராவி உருளை, சில கோவேறு கழுதைகள், தொழிலாளர் என்று வரிசைப்படுத்துவர். உருளைக்கு எண் உண்டு. தொழிலாளர்க்குப் பெயரும் இல்லை, எண்ணும் இல்லை.

ஒன்றை மட்டும் ஆண்டுகளைக்கொண்டு ஊகிக்கலாம். 1930இல் உலகப் பொருளாதார வீழ்ச்சியால் ரப்பர் விலை சரிந்தது. இந்தியாவிலிருந்து உதவி பெற்றுவரும் குடியேற்றம் அவ்வாண்டே நிறுத்தப்பட்டது. பல்லாயிரம் தமிழர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். 1934இல் மீண்டும் திறந்த கதவு, 1938இல் இந்திய அரசின் தடையால் மூடிக்கொண்டது. கேமரன் மலைத் தோட்டங்கள் வேரூன்றிய காலம் இதுவே. ஆகவே மலையேறிய தமிழருள் ஒரு பகுதியினர் ஊரிலிருந்து நேரே வந்தவராக இருத்தல் அரிது. கீழே பேராக்கின் ரப்பர்த் தோட்டங்களில் வேலையிழந்தோ அரைக்கூலி பெற்றோ வாடியவர், 'மேலே வேலை இருக்கிறது' என்று கேட்டு ஏறியிருத்தல் வேண்டும் என்பது என் கருத்து. பால்மரத்தைச் சீவிய கை, கொழுந்து கிள்ளக் கற்றது.

அவ்வேலை எளிதன்று. விட்டால் மரமாக வளரும் செடியை இடுப்பளவில் நிறுத்துவது கவ்வாத்து. மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைச் செய்யாவிடில் தோட்டம் காடாகும். துளிரையும் அதனடியிலுள்ள இரண்டு இலைகளையும் மட்டும் கிள்ள வேண்டும். முற்றிய இலை சேர்ந்தால் நிறுவையில் கழித்துவிடுவர். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சை இலை, வாட்டி உருட்டிப் புளிக்கவைத்து உலர்த்தியபின் ஒரு கிலோ தூளாகிறது. பனி விலகாத காலையில், முதுகில் கூடையும் இடுப்பில் சாக்குத் துணியுமாக, அட்டை கடிக்கும் ஈரச் சரிவில் ஏறி நின்று பறித்தவருள் பெரும்பாலோர் பெண்டிர்.

மலைபடுகடாம் பயின்றோர் ஒன்றை அறிவர். நன்னனைக் காணச் செல்லும் கூத்தர்க்கு வழி சொல்லும் புலவர், மலையின் அழகோடு நின்றுவிடவில்லை. எந்தச் சரிவில் கால் வழுக்கும், எங்கே கானவர் குடியிருப்பு, அங்கே என்ன உணவு கிடைக்கும் என்று மக்களையும் சேர்த்தே சொல்கிறார். நம் காலத்துப் பயணக் கையேடுகள் அம்மரபைப் பின்பற்றவில்லை. கேமரன் மலையைப் பற்றிய கையேட்டில் 1967இல் காணாமற்போன பட்டு வணிகர் ஜிம் தாம்சனைப் பற்றி ஒரு பக்கம் இருக்கும். லயத்தில் வாழ்ந்து அங்கேயே மறைந்தவரைப் பற்றி ஒரு வரியும் இராது. அம்மலையின் தொன்மைக் குடிகளான செமாய் மக்கள் நிலையும் ஏறக்குறைய அதுவே.

எழுதப்பட்ட சான்று அறவே இல்லாமலில்லை. பள்ளி செல்லும் வயதில் பத்துக் குழந்தைகள் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி நடத்த வேண்டும் என 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அதனால் தோன்றிய பள்ளிகளில் சேர்க்கைப் பதிவேடு உண்டு. பிள்ளையின் பெயர், பிறந்த நாள், தந்தை பெயர், தந்தையின் தொழில், முன்னர் இருந்த தோட்டம் என்று கட்டம் கட்டமாக எழுதியிருப்பர். பயிற்சி முடித்த புதிதில், மலைத்தோட்டப் பள்ளி ஒன்றில் அத்தகைய ஏட்டைக் கண்டேன். பக்கங்கள் பழுப்பேறி, மை ஊறிக் கிடந்தது. புரட்டிப் பார்த்து வியந்துவிட்டு அலமாரியில் வைத்துவிட்டேன். படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றவில்லை. இருபது ஆண்டுகள் கழித்துப் போனபோது பள்ளி புதிய கட்டடத்திற்கு மாறியிருந்தது. 'பழைய தாள்கள்' எரிக்கப்பட்டுவிட்டன. எரித்தவரைக் குறைகூற எனக்கு உரிமையில்லை. கையில் இருந்தபோது நானும் அதனைப் பழைய தாளாகவே பார்த்தேன்.

ஏட்டில் பெயர் இருப்பதும் இல்லாததும் என்ன செய்யும் என்பதைக் கோலா தெர்லாவில் சந்தித்த மூதாட்டி ஒருவர் எனக்கு உணர்த்தினார். எண்பதைக் கடந்தவர், மலையிலேயே பிறந்தவர். தாயும் தந்தையும் சுங்கை அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்திலிருந்து லாரியில் மேலே வந்தவர்களாம். என் ஊகத்திற்கு வாய்மொழிச் சான்று கிடைத்த மகிழ்ச்சியில், "உடன்பிறந்தோர் எவரேனும் உள்ளனரா, அம்மா?" என்று கேட்டேன். சிறிது நேரம் பேசவில்லை.

"அண்ணன் ஒருத்தர் இருந்தாருங்கய்யா. அவரு பள்ளிக்கூடம் போகல. அம்மா கொழுந்துக்குப் போயிட்டா என்னைத் தூக்கி வச்சிக்கிட்டு இருந்தது அவருதான். எந்த எழுத்துலயும் பேரு இல்ல. சிவப்பு அட்டை. கப்பல் ஏத்திட்டாங்க."

1969இல் குடியுரிமையற்றோர்க்கு வேலை உரிமம் கட்டாயமான காலத்தை அவர் சொல்கிறார். பிறப்புப் பத்திரமோ பள்ளிச் சான்றோ காட்ட இயலாத ஆயிரக்கணக்கானோர், பிறந்த நாட்டை விட்டுத் தாம் பார்த்திராத தாயகத்திற்குச் சென்றனர். அந்த அண்ணன் 'ரஜூலா' கப்பலில் நாகப்பட்டினம் போய் இறங்கினாராம். சில ஆண்டுகள் கடிதம் வந்தது, பின்னர் நின்றுவிட்டது. தங்கை பள்ளியில் மூன்றாம் வகுப்புவரை படித்தவர். அவர் பெயர் ஏட்டில் இருந்தது. அவர் இங்கே தங்கினார். தங்கையைச் சுமந்த அண்ணன் போனார்.

பிற்காலத்தில் கைவிரல் இருந்த இடத்திற்குக் கத்திரி வந்தது. அதன்பின் இருவர் பிடித்துச் செல்லும் இயந்திரம் வந்தது. இன்று வரிசைகளில் வங்காளதேச இளைஞரும் நேப்பாளியரும் மிகுதி. தமிழ்ப் பிள்ளைகள் நகரங்களுக்கு இறங்கிவிட்டனர். தங்கியவருள் சிலர் காய்கறி பயிரிடுகின்றனர். அத்தகைய நிலங்கள் பலவற்றுக்கு நெடுங்காலமாகத் தற்காலிக உரிமமே தவிரப் பட்டா இல்லை. இங்கும் எழுத்தில்லாக் குறைதான்.

விடைபெறுமுன், அவர் வாழ்ந்த பழைய லயத்தில் வீடு வீடாக யார் இருந்தனர் என்று சொல்லச் சொன்னேன். பையில் மாணவர் பயிற்சி ஏடு ஒன்று இருந்தது. அதன் பின்பக்கத்தில் எழுதினேன். கண்ணை மூடிக்கொண்டு, தண்ணீர்க்குழாய்ப் பக்கத்து வீட்டிலிருந்து தொடங்கி, கணவன் பெயர், மனைவி பெயர், பிள்ளைகள் எத்தனை, எங்கிருந்து வந்தவர் என்று பதினாறு வீடுகளைச் சொன்னார். பதினோராம் வீட்டுக்காரர் பெயர் மட்டும் நினைவுக்கு வரவில்லை. இடம்விட்டு எழுதிக்கொண்டு மலையிறங்கினேன். மறுநாள் மாலை அவர் மகள் தொலைபேசியில் அழைத்து, "அம்மா சொல்லச் சொன்னாங்க" என்று அப்பெயரைச் சொன்னார்.