மாங்கோ மார்கரிட்டாவும் மலைச் சாராயமும்

வெயில் காலம் வந்தாச்சுன்னா நம்ம மக்களுக்கு மொட்டை மாடிக் கூட்டம் ஞாபகம் வந்துடும். ஒருத்தர் மிக்ஸி கொண்டு வருவார், இன்னொருத்தர் ஐஸ் மூட்டையோட வருவார். மாம்பழக் கூழ், எலுமிச்சைச் சாறு, டெக்கீலா, கிளாஸ் விளிம்பில் உப்பு... "மாங்கோ மார்கரிட்டா" ரெடி! கணக்கும் ரொம்ப சுலபம். டெக்கீலா ரெண்டு பங்கு, ஆரஞ்சு மது ஒரு பங்கு, எலுமிச்சைச் சாறு ஒரு பங்கு, பழமும் ஐஸும் தேவைக்கு. மாம்பழத்துக்குப் பதிலா கொய்யா போடலாம், பலாச்சுளை போடலாம். விளிம்பில் உப்போட மிளகாய்த்தூளும் சேர்த்தா மெக்சிகோக்காரங்க ஸ்டைல். நம்ம பஸ் ஸ்டாண்டில் கீத்து மாங்காய்க்குத் தூவிக் கொடுக்கிற அதே ஐட்டம்தான் :-)

கள்ளக்குறிச்சிக்காரங்களுக்கு இதில் எதுக்கும் பஞ்சம் இல்லை. மாம்பழத்துக்குப் பக்கத்துல சேலம். மேல ஏறினா கல்வராயன் மலையில் பலாவும் கொய்யாவும் தேனும். சேலம் பக்கத்துச் சரிவில் கருமந்துறையில் அரசாங்கத்தோட தோட்டக்கலைப் பண்ணையே இருக்கு. பழம் நம்மூரு, உப்பு நம்மூரு. ஆனா உள்ளே ஊத்துற சரக்கு யார் செஞ்சது? அதைக் குடிக்கிறவருக்குத் தெரியுமா? இந்தக் கேள்வியைப் பிடிச்சுக்கிட்டே போனா, இந்த மலையோரத்தில் ரெண்டாயிரம் வருஷக் கதை ஒண்ணு கிடைக்குது. அதைத்தான் எழுதப் போறேன்.

சங்க காலத்தில் இருந்தே ஆரம்பிப்போம். மலைபடுகடாம் பாட்டோட தலைவன் நன்னன், செங்கத்துக்காரன். கல்வராயன் மலைக்கு வடக்கே இருக்கிற செங்கம்தான். அந்த நாட்டு மலைக்குடிகள் வழிப்போக்கருக்குக் கொடுத்த பானங்களில் ஒண்ணு, மூங்கில் குழாயில் ஊற வெச்ச தேன் கள். 'தோப்பி'ன்னு இன்னொண்ணு உண்டு, வீட்டிலேயே அரிசியில் ஆக்குறது. இதெல்லாம் புளிக்க வெச்ச சமாச்சாரம். காய்ச்சி வடிக்கிற வித்தை பிற்பாடு வந்தது. இதில் கவனிக்க வேண்டியது என்னன்னா, ஆக்கினது யாரு, எதில் ஆக்கினதுன்னு குடிக்கிறவருக்குத் தெரியும். செஞ்சவர் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார்.

இப்போ கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிற திருக்கோவிலூரை ஆண்டவன் மலையமான் திருமுடிக்காரி. அவனைப் பத்தி புறநானூற்றில் கபிலர் சொல்றது ரொம்ப சுவாரசியம். குடிச்ச சந்தோஷத்தில் தேரைத் தூக்கிக் கொடுக்கிறது யாருக்கும் சுலபம், காரியோ குடிக்காம தெளிவா இருக்கும்போதே கொடுக்கிறவன்னு பாராட்டுறார். குடி எங்கும் இருந்த காலத்துலயே தெளிவுக்கும் ஒரு மரியாதை இருந்திருக்கு பாருங்க.

சரி, மலைக்கு வருவோம். கல்வராயன் மலையில் இருக்கிறவங்க பெரும்பாலும் மலையாளி பழங்குடிகள். கேரளாக்காரங்கன்னு நினைச்சுடாதீங்க, பேசுறது தமிழ்தான். மூணு ஜாகீர்தார்கள் கையில் இருந்த இந்த மலை 1976ல்தான் அரசாங்கத்தின் கைக்கு வந்தது. ரோடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் அதுக்கப்புறம் மெதுவா ஏறினதுதான்.

இங்கே காய்ச்சுற சாராயத்துக்கு மூலப்பொருள் வெல்லம், வெள்வேல மரத்துப் பட்டை, கடுக்காய். கீழே சமவெளியில் கரும்புக்குக் குறைவில்லை. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகளே ஓடுது. கடுக்காய் மலையிலேயே கிடைக்கும். வெள்வேல மரத்துக்கு இங்கிலீஷ்ல 'சாராயம் வடிக்கிறவரின் வேலமரம்'னு அர்த்தம் வர்ற மாதிரி ஒரு பேர் இருக்குன்னா, பட்டை போடுற பழக்கம் எவ்வளவு பரவலா இருந்திருக்கும்னு பார்த்துக்குங்க. இதெல்லாம் தண்ணியில் கலந்து புளிக்க விட்டா அதுக்குப் பேர் 'ஊறல்'. "இத்தனை ஆயிரம் லிட்டர் ஊறல் அழிப்பு"ன்னு பேப்பரில் படிக்கிறோமே, அந்த ஊறல்.

இப்போ சட்டத்தோட கதை. 1886ல் வெள்ளைக்காரன் சென்னை அப்காரி சட்டத்தைக் கொண்டு வந்தான். சுருக்கமா சொன்னா, இனிமே காய்ச்சவும் விக்கவும் சர்க்கார் அனுமதி வேணும், வரி கட்டணும். வீட்டிலும் காட்டிலும் ஆக்கினது திருட்டுச் சாராயம் ஆச்சு, ஆலையில் ஆக்கினது நல்ல சாராயம் ஆச்சு. தென்னாற்காட்டில் நெல்லிக்குப்பத்தில் பாரி கம்பெனிக்குச் சர்க்கரை ஆலையோட சாராய ஆலையும் இருந்தது. அரசுக்கு வருமானம், கம்பெனிக்கு வியாபாரம்.

அப்புறம் ராஜாஜி. 1937 அக்டோபர் 1ஆம் தேதி, அவருடைய சொந்த ஜில்லாவான சேலத்தில் மதுவிலக்கு ஆரம்பம். இந்த இடத்தில் மேப்பை எடுத்துப் பாருங்க. கல்வராயன் மலையின் ஒரு பக்கம் சேலம் ஜில்லா, மறு பக்கம் தென்னாற்காடு ஜில்லாவோட கள்ளக்குறிச்சி தாலுகா. ஒரே மலை, ஒரு சரிவில் மதுவிலக்கு, இன்னொரு சரிவில் இல்லை! போன வருமானத்தை ஈடுகட்ட 1939ல் ராஜாஜி விற்பனை வரி கொண்டு வந்தார். இன்னிக்கு நாம பில்லில் கட்டுற வரிக்கு முப்பாட்டன் அதுதான்.

நம்ம மார்கரிட்டாவும் இப்படி ஒரு எல்லைக்கோட்டுல இருந்து வந்த சரக்குதான். அமெரிக்காவில் 1920ல் இருந்து 1933 வரைக்கும் மதுவிலக்கு. தாகம் எடுத்தவங்க எல்லையைத் தாண்டி மெக்சிகோவின் டிஹுவானாவுக்குப் போனாங்க, அங்கே பார் பாரா முளைச்சது. மார்கரிட்டாவை யார் கண்டுபிடிச்சதுன்னு ஏகப்பட்ட பேர் உரிமை கொண்டாடுறாங்க. 1938 வாக்கில் டிஹுவானா பக்கம் டேனி ஹெரேரா கலக்கினார்னு ஒரு கதை, ஹுவாரெஸ் ஊரில் பிறந்ததுன்னு இன்னொரு கதை. எது உண்மையோ, ரெண்டுமே அமெரிக்க எல்லையை ஒட்டின ஊர்.

அதே அமெரிக்க மதுவிலக்குக்கு ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. தொழிற்சாலைக்குப் போற ஆல்கஹாலைத் திருடிக் குடிக்கிறாங்கன்னு, அதில் மெத்தனாலைக் கூடுதலா கலக்கச் சொன்னது அரசாங்கமே. குடிச்சவங்க செத்தாங்க. காசு உள்ளவங்க டிஹுவானாவுக்கும் கனடாச் சரக்குக்கும் போயிட்டாங்க, இல்லாதவங்களுக்குக் கிடைச்சது அந்த விஷம். இதை ஞாபகம் வெச்சுக்குங்க, திரும்ப வரும்.

நம்ம பக்கம் 1948ல் சென்னை மாகாணம் முழுக்க மதுவிலக்கு. 1971 ஆகஸ்டில் கலைஞர் அதைத் தளர்த்தினார். அதே 1971ல்தான் அமெரிக்காவில் டல்லஸ் நகரத்தில் மரியானோ மார்டினெஸ் என்கிறவர் ஒரு ஐஸ்கிரீம் மெஷினை மாத்தி, உறைஞ்ச மார்கரிட்டா கொட்டுற மெஷின் ஆக்கினார். அது இப்போ வாஷிங்டன் ஸ்மித்சோனியன் மியூசியத்தில் இருக்கு. நம்ம மொட்டை மாடி மிக்ஸிக்கு அதுதான் மூதாதை :-)

இங்கே 1974க்குள் கடைகளைத் திரும்ப மூடியாச்சு. 1981ல் எம்ஜிஆர் திறந்தார். 1983ல் டாஸ்மாக் பிறந்தது. 1987ல் கள்ளும் சாராயமும் மறுபடி தடை. 1990ல் மலிவு விலை மது வந்தது, 1991ல் அதுவும் போச்சு. 2003ல் சில்லறை விற்பனையையும் டாஸ்மாக்கே எடுத்துக்கிச்சு. 2023-24ல் மது மூலமா அரசுக்கு வந்த வருமானம் 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல.

இத்தனை தடவை திறந்து மூடினதில் கடைசியா மிஞ்சினது என்ன? பாட்டில் சரக்கு சட்டப்படி சரி. கள் தப்பு. சாராயம் தப்பு. அதாவது ஏழைக்குக் கட்டுப்படியாகிற ரெண்டும் தப்பு. பாட்டில் வாங்க முடியாதவருக்கு மிச்சம் இருக்கிறது ராத்திரி கைமாறுகிற பாக்கெட் மட்டும்தான்.

அந்த பாக்கெட்டுக்குள்ள இருந்ததும் நடுவுல மாறிப்போச்சு. ஊறல் போட நாள் ஆகும், வெல்லம் வேணும், விறகு வேணும், புகை காட்டிக் கொடுக்கும், மலையில் இருந்து கேனில் இறக்கணும். மெத்தனாலுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. தொழிற்சாலையில் கரைப்பானா பயன்படுற ரசாயனம், டிரம்மில் வரும், தண்ணி கலந்தா முடிஞ்சது வேலை. பார்க்கவும் மோந்து பார்க்கவும் சாராயம் மாதிரியே இருக்கும்.

2001ல் பண்ருட்டி பக்கம் ஐம்பது பேருக்கு மேல பலி. 2023 மே மாசம் மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு பக்கமும் இருபது பேருக்கு மேல பலி. அது காய்ச்சின சாராயமே இல்லை, தொழிற்சாலை மெத்தனால்னு போலீஸே அப்போ அறிவிச்சது. ஒரு வருஷம் கழிச்சு, 2024 ஜூன் 18, 19 தேதிகளில் கள்ளக்குறிச்சி கருணாபுரம். பக்கத்தில் மாதவச்சேரி, சேஷசமுத்திரம். செத்தவங்க 65 பேருக்கு மேல. பெரும்பாலும் தினக்கூலிகள். பெண்களும் உண்டு. அப்பா அம்மா ரெண்டு பேரையும் இழந்த பிள்ளைகளும் உண்டு.

கருணாபுரம் காட்டுக்குள்ள இல்லை. கள்ளக்குறிச்சி டவுனுக்குள்ள, கோர்ட்டும் போலீஸ் ஸ்டேஷனும் கூப்பிடு தூரத்தில் இருக்கிற தெரு. ஆனா சம்பவம் நடந்த உடனே பேச்செல்லாம் மலையைப் பத்தித்தான். "கல்வராயன் மலைச் சாராயம்"னு எல்லார் வாயிலும். போலீஸ் மலையேறி ஊறல் பானைகளை உடைச்சது.

இங்கேதான் கெமிஸ்ட்ரி கொஞ்சம் தேவைப்படுது. ஈஸ்ட், சர்க்கரையைத் தின்னுட்டு எத்தனாலைத் தரும். பழத்தில் பெக்டின்னு ஒண்ணு இருக்கு, அது உடையும்போது துளி மெத்தனாலும் வரும். ஆனா வெல்ல ஊறலில் பெக்டின் மிகக் குறைவு. காய்ச்சி வடிக்கிறது உள்ளே இருக்கிறதைப் பிரிக்கும், இல்லாத மெத்தனாலைப் புதுசா உண்டாக்காது. ஒரே ராத்திரியில் ஒரு தெருவையே சாய்க்கிற அளவு மெத்தனால் வெல்லப் பானையில் இருந்து வர முடியாது. யாரோ ஊத்தினாத்தான் வரும்.

மலைச் சாராயம் நல்லதுன்னு நான் சொல்ல வரலை. அது கெடுத்த குடும்பங்களும், அதுக்காக ஜெயிலுக்குப் போன மலைவாசிகளும் ஏராளம். ஆனா அந்தக் குற்றம் வேற, இந்தக் குற்றம் வேற. ரெண்டையும் ஒரே பேரில் சொன்னா டிரம் விட்டவன் தப்பிச்சுடுவான், பானை வெச்சவன் மாட்டிக்குவான். செத்தவங்களுக்கு நியாயம் கிடைக்கணும்னா முதல்ல 'கள்ளச்சாராயம்'கிற ஒரே மூட்டையைப் பிரிக்கணும்.

அதுக்கப்புறம் சட்டத்தைத் திருத்தி ஆயுள் தண்டனை வரைக்கும் கொண்டு வந்தாங்க. 2024 நவம்பரில் வழக்கை சிபிஐக்கு மாத்தச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. அதே நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களோட ரோடு, ஆஸ்பத்திரி, பிழைப்பு நிலவரத்தைத் தானாவே முன்வந்து வழக்கா எடுத்துக்கிச்சு. 1976ல் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள், 2024ல் பிணம் விழுந்தப்புறம் கேட்கப்பட்டது.

மொட்டை மாடி மார்கரிட்டாவுக்கும் கருணாபுரம் பாக்கெட்டுக்கும் என்ன வித்தியாசம்? ருசி இல்லை, ஒழுக்கமும் இல்லை. டெக்கீலா பாட்டிலைத் திருப்பினா லேபிள் இருக்கு. எந்த ஊரு, எந்த ஆலை, எத்தனை சதவீதம்னு போட்டிருக்கும். நன்னன் மலையில் மூங்கில் குழாயோட வந்தவருக்கு லேபிள் தேவைப்படலை, முகமே லேபிள். 1886ல் இருந்து போட்ட ஒவ்வொரு கோடும் அந்த முகத்தை எடுத்துச்சு. காசு உள்ளவங்களுக்கு அதுக்குப் பதிலா லேபிளைக் கொடுத்துச்சு. கருணாபுரத்துக் கூலித் தொழிலாளிக்கு முகமும் இல்லை, லேபிளும் இல்லை.

டிஸ்கி: குடி குடியைக் கெடுக்கும். மாம்பழம், எலுமிச்சை, உப்பு, மிளகாய்த்தூள், ஐஸ் மட்டும் போட்டாலே பானம் அருமையா இருக்கும், டெக்கீலா கட்டாயம் இல்லை. வீட்டில் காய்ச்சுறதோ, பழத்தைப் புளிக்க வெச்சு மது ஆக்குறதோ சட்டப்படி குற்றம். இன்னொண்ணு, மெத்தனால் குடிச்சவருக்கு உடனே எதுவும் தெரியாது. அரை நாள், ஒரு நாள் கழிச்சுத்தான் வயித்து வலி, வாந்தி, கண் மங்கல்னு ஆரம்பிக்கும். உடம்பு அதை ஃபார்மிக் அமிலமா மாத்துறதுதான் கண்ணையும் உயிரையும் எடுக்குது. நேரத்தோட போனா மாத்து மருந்தும் டயாலிசிஸும் காப்பாத்தும். போலீஸ் பயத்தில் சொல்லாம வீட்டிலேயே படுத்திருந்தா நேரம் கைவிட்டுப் போயிடும். தெரிஞ்சவங்க யாராவது இப்படிச் சொன்னா, எங்கே குடிச்சே, எதுக்குக் குடிச்சேன்னு கேக்காதீங்க. முதல்ல ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க.