ராகிக் களியில் ஒரு சரித்திரம்

ஓசூருக்கு வேலைக்கு வரும் நம் கல்லூரி நண்பர்கள் முதல் வாரத்திலேயே கேட்பது, "இது தமிழ்நாடா, கர்நாடகமா?" என்பதுதான். ஊர்ப் பெயரே கன்னடம்; 'புதிய ஊர்' என்று பொருள். சந்தைக்குப் போனால் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என நான்கு பாஷை காதில் விழும். ஆனால் சாப்பாட்டில் எல்லைக்கோடு கிடையாது. நாம் களி என்பதைத் தெலுங்கர் சங்கட்டி என்பர், கன்னடர் முத்தே என்பர். உருண்டை ஒன்றேதான். ஆகவே இந்தப் பகுதியின் சரித்திரத்தைக் கோட்டையில் ஆரம்பிக்காமல் களிப் பானையில் ஆரம்பித்தால் என்ன?

ராகிக்குப் பூர்வீகம் கிழக்கு ஆப்பிரிக்காவின் மேட்டு நிலங்கள். அங்கிருந்து பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்தியாவுக்கு வந்துவிட்டது. செம்மண்ணும் மானாவாரி மழையும் போதும், வளர்ந்துவிடும். இதைவிட முக்கியமானது, அதை ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கலாம் என்பது. பூச்சி லேசில் அண்டாது. குழி வெட்டி நிலத்துக்கடியில் சேமிக்கும் பழக்கம் மைசூர் சீமையில் இருந்தது. படைகள் வந்து போகும் நாட்டில் இது பெரிய பாதுகாப்பு அல்லவா? கிருஷ்ணகிரியைச் சுற்றிய பாராமகால் அப்படிப்பட்ட நாடுதான். ஹைதர் அலி, திப்பு சுல்தான் காலத்து யுத்தங்களில் கோட்டைகள் கை மாறிக்கொண்டே இருந்தன. 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் கும்பினிக்குப் போயிற்று. ஓசூர்ப் பக்கம் திப்பு வீழ்ந்த 1799இல்தான் சேர்ந்தது. அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் வரி போட்டு நிலம் அளந்தது பாராமகாலில்தான். இரண்டு துண்டும் சேலம் ஜில்லாவில் இருந்து, 1965இல் தருமபுரிக்கும் 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கும் வந்தன. ஆட்சி எத்தனை முறை மாறினாலும் அடுப்பில் கொதித்தது அதே களி.

சரி, அதற்கு ஏன் மரியாதை இல்லாமல் போயிற்று? "களி தின்னப் போறியா?" என்றால் ஜெயிலுக்குப் போகிறாயா என்று அர்த்தம். சென்னை மாகாணச் சிறைகளில் ராகி போட்டதால் வந்த பேச்சு இது. தானியத்தின் மேல் குற்றம் ஒன்றுமில்லை. மலிவாகக் கிடைத்தது, கைதிக்குப் போட்டார்கள். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் சேலம் ஜில்லா கடுமையாக அடிபட்டது. நிவாரண வேலை செய்த கூலியாளுக்கு ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் தானியம் போதும் என்று 1877இல் சர் ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்தார். ஏறக்குறைய 450 கிராம். அது உயிர் தங்கப் போதாது என்று சுகாதார கமிஷனர் டாக்டர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். களியைக் கேலி பேசுகிறவர்கள், அது கிடைக்காமல் செத்தவர்களையும் கொஞ்சம் நினைக்கலாம்.

இந்தக் கேலி நமக்கு மட்டும் உரியதல்ல. எங்கள் ஆலைக்கு மெஷின் நிறுவ வந்த இத்தாலிய டெக்னீஷியன் ஒருவர், கேன்டீன் சமையல்காரர் துடுப்பால் களி கிண்டுவதைப் பார்த்து, "எங்கள் போலெண்டா!" என்றார். வட இத்தாலி ஏழைகளின் உணவு அது. தாமிரப் பாத்திரத்தில் கொதிநீர், மாவு, மரக்கட்டையால் விடாமல் கிண்டல். ஆதியில் அதிலும் சிறுதானியந்தான் போட்டார்கள். அமெரிக்காவிலிருந்து மக்காச்சோளம் வந்தபின் அதற்கு மாறினார்கள். வேறெதுவும் கிடைக்காமல் அதையே தின்றதால் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் அங்கே பெலாக்ரா என்ற சத்துக்குறை நோய் பரவிற்று. தெற்கத்தி இத்தாலியர் வடக்கத்தியாரை இன்றும் 'போலெண்டோனி' என்று கிண்டல் செய்வதுண்டு. நம் ஊரில் 'களி தின்னி' என்பது போல. நம்மவர் களியோடு கீரையும் கொள்ளும் அவரையும் சேர்த்துக்கொண்டார்கள். ராகியிலேயே 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவில் சுண்ணாம்புச் சத்து உண்டு. அரிசியில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

அணை வந்து நெல் பெருகியது, பிறகு ரேஷன் அரிசி மலிந்தது. 2011 ஜூன் முதல் அது விலையில்லா அரிசி ஆயிற்று. வீட்டில் அரிசிச் சோறு பொங்கினால்தான் கௌரவம் என்ற எண்ணம் வேர்விட்டது. 1970களில் சிப்காட் வந்தது. 1980களில் அசோக் லேலண்டு, டிவிஎஸ், டைட்டன் என ஆலைகள் எழும்பின. ராகி விளைந்த மேட்டு நிலங்களில் ஷெட்டும் லே அவுட்டும் ரோஜாவும் வந்தன.

ஆனாலும் விதை அழியவில்லை. மாண்டியாவில் 'ராகி' லட்சுமணய்யா இந்திய ரகத்தையும் ஆப்பிரிக்க ரகத்தையும் கலந்து 'இந்தாஃப்' ரகங்களை உருவாக்கினார். பூர்வீகத்துச் சொந்தக்காரனைத் தேடிப் பிடித்துச் சம்பந்தம் செய்தது போலத்தான்! நம் மாவட்டத்துப் பையூர் ஆராய்ச்சி நிலையத்தின் பெயரிலும் ராகி ரகம் உண்டு. 2022-23 பருவத்துக்கு மத்திய அரசு குவிண்டாலுக்கு ரூ.3,578 என ஆதரவு விலை அறிவித்தது. தமிழக அரசு தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நேரடியாகக் கொள்முதலும் செய்தது. 2023இல் தருமபுரி, நீலகிரி ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி தரத் தொடங்கினார்கள்.

பெங்களூர் ஹோட்டல்களில் இப்போது அதே உருண்டைக்கு நல்ல விலை. ஹாஸ்டல் தம்பிகளே, வீட்டிலிருந்து ராகி மாவு கொண்டுவந்து ஒளித்து வைக்கிறவர்கள் உங்களில் இருப்பார்கள் என்று தெரியும். எங்கள் கேன்டீனில் களி போடும் நாளில் பன்னிரண்டரைக்கெல்லாம் பாத்திரம் காலி. தாமதமாக வரும் மேனேஜருக்குச் சோறுதான்.