சாப்பிட மறுக்கும் பிள்ளை: பிடிவாதமா, நோயா?

பிள்ளை சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தால் முதலில் அதைப் பிடிவாதம் என்கிறோம். மாதக்கணக்கில் தொடர்ந்தால் பரீட்சைப் பயமோ, வேறு ஏதும் விவகாரமோ என்று யோசிக்கிறோம். உடம்பு எலும்பும் தோலுமாகிய பின்னர் கண்ணூறு, ஜின் என்று ஓதிப் பார்க்க அழைத்துச் செல்கிறோம். வைத்தியரின் முறை கடைசியில்தான் வருகிறது. உளவளத்துணைப் பணியில் இருப்பவன் என்ற வகையில் பெற்றோரிடம் நான் அதிகம் கேட்கும் கேள்வி, "சாப்பிடத்தானே சொல்கிறோம், அதில் என்ன கஷ்டம்?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு மூளை விஞ்ஞானம் தரும் பதிலை எமது சமூகம் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதனை எழுதுகிறேன்.

உண்ணல் கோளாறுகளில் மிகவும் ஆபத்தானது அனொரெக்சியா நெர்வோசா. உடல் மெலிந்துகொண்டே போனாலும், நிறை கூடிவிடுமோ என்ற அச்சத்தில் உணவைக் குறைத்துக்கொண்டே போகும் நோய் இது. மனநோய்களில் அதிக உயிர்களைப் பறிப்பவற்றுள் இதுவும் ஒன்று. புலிமியா நெர்வோசா வேறு விதமானது. கட்டுப்பாடின்றி அதிகமாகச் சாப்பிட்டுவிட்டு, பின்னர் வாந்தி எடுத்தோ பேதி மாத்திரை விழுங்கியோ அதை வெளியேற்றுவார்கள். இவர்களில் பலரின் நிறை சாதாரணமாகவே இருப்பதால் வீட்டார் வருடக்கணக்கில் கவனிப்பதில்லை. 1979 இல் லண்டனைச் சேர்ந்த மனநல வைத்தியர் ஜெரால்ட் ரஸல் இதனைத் தனி நோயாக விபரித்தார். பெண் பிள்ளைகளே அதிகம் பாதிக்கப்பட்டாலும் ஆண் பிள்ளைகளும் விதிவிலக்கல்லர்.

பட்டினி மனிதனின் மனதை என்ன செய்யும் என்பதைக் காட்டிய ஆய்வொன்று 1944-45 காலத்தில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் நடந்தது. போர்க்களம் செல்ல மனச்சாட்சிப்படி மறுத்த 36 இளைஞர்கள் தாமாகவே அதில் இணைந்தார்கள். உடலும் மனமும் ஆரோக்கியமானவர்கள் என்று பரிசோதித்தே அவர்களைத் தெரிவு செய்தார் அன்செல் கீஸ். ஆறு மாதங்கள் அரைப்பட்டினி போடப்பட்டது. அவர்கள் நாள் முழுதும் உணவைப் பற்றியே பேசினார்கள், சமையல் புத்தகங்களைச் சேகரித்தார்கள், ஒரு சிறிய உணவை மணிக்கணக்கில் துண்டு துண்டாக்கிச் சாப்பிட்டார்கள். நண்பர்களிடமிருந்து ஒதுங்கினார்கள். எரிச்சலும் சோர்வும் அவர்களை ஆட்கொண்டன. மீண்டும் உணவு கொடுத்தபோதும் பலர் உடனே பழைய நிலைக்குத் திரும்பவில்லை. சிலர் அளவின்றிச் சாப்பிட்டார்கள்.

நோயாளிப் பிள்ளையிடம் நாம் குறை காணும் குணங்களை இவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிறருக்கு ஆசையாகச் சமைத்துக் கொடுத்துவிட்டுத் தான் தொடாதது, தட்டில் கிளறிக்கொண்டிருப்பது, யாரோடும் பேசாதது ஆகியவற்றில் பெரும் பகுதி பட்டினியின் விளைவு. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அந்த இளைஞர்கள் சாப்பிட ஏங்கினார்கள். இந்தப் பிள்ளைக்கோ சாப்பாடே பயம்.

அந்தப் பயத்தின் வேர் எங்கே? ஒரு பகுதி பிறப்பிலேயே இருக்கிறது. 2019 இல் வெளியான பெரும் மரபணு ஆய்வொன்று ஏறத்தாழ 17,000 நோயாளிகளின் மரபணுக்களைப் பரிசோதித்து, அனொரெக்சியாவுடன் தொடர்புடைய 8 இடங்களைக் கண்டறிந்தது. அவை மனநோய்களோடு மட்டுமன்றி, உடல் சக்தியைக் கையாளும் விதத்தோடும் தொடர்புபட்டிருந்தன. இன்னொரு பகுதி பழக்கம். நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015 இல், உணவைத் தெரிவு செய்யும் நேரத்தில் நோயாளிகளின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். பழக்கங்களைப் பதித்து வைக்கும் மூளையின் ஆழமான பகுதியொன்று அவர்களின் தெரிவோடு மற்றவர்களை விட வலுவாகத் தொடர்புபட்டிருந்தது. ஆரம்பத்தில் விரும்பிச் செய்த டயட் காலப்போக்கில் தானாக ஓடும் பழக்கமாகிவிடுகிறது என்று அந்த ஆய்வாளர்கள் விளங்கப்படுத்துகிறார்கள். அறிவுரை சொல்லி அதை நிறுத்துவது கடினம் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் காணவில்லை.

2022 இல் வெளியான மற்றோர் ஆய்வில் 685 பேரின் மூளை ஸ்கேன்கள் ஒப்பிடப்பட்டன. நிறை குறைந்த நிலையில் மூளையின் மேற்பட்டை மெலிந்திருந்தது. நிறை மீளத் தொடங்கியவர்களில் அந்தக் குறைவு சிறிதாகவே காணப்பட்டது. சிகிச்சையில் உணவு முதலிடம் பெறுவது இதனால்தான். பசியால் வாடும் மூளையோடு எவ்வளவு பேசினாலும் உள்ளே போகாது. நிறை மிகக் குறைந்திருக்கையில் மனச்சோர்வு மாத்திரைகளாலும் அனொரெக்சியாவுக்குப் பெரிய பலன் கிடைப்பதில்லை. புலிமியாவுக்கு மட்டும் ஃபுளூஒக்ஸெட்டின் ஓரளவு உதவுகிறது, அதோடு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் நல்ல பலன் தருகிறது.

இளம் பிள்ளைகளுக்கு அதிகம் பரிந்துரைக்கப்படுவது குடும்பத்தை மையமாகக் கொண்ட சிகிச்சை. லண்டன் மோட்ஸ்லி வைத்தியசாலையில் உருவான இம்முறையின் முதல் ஆய்வு 1987 இல் வெளியானது. 18 வயதுக்குள் நோய் ஆரம்பித்து, மூன்று வருடங்களைத் தாண்டாதவர்களுக்குத் தனிநபர் சிகிச்சையை விட இது கூடிய பலன் தந்தது. இங்கே உம்மாவும் வாப்பாவும் குற்றவாளிகள் அல்லர், அவர்கள்தான் பிரதான சிகிச்சையாளர்கள். என்ன சாப்பிடுவது, எவ்வளவு என்பதைச் சில காலத்துக்குப் பெற்றோரே தீர்மானித்து, ஒவ்வொரு வேளையும் பக்கத்தில் இருந்து சாப்பிட வைப்பார்கள். நிறை கூடக்கூடப் பொறுப்பு படிப்படியாகப் பிள்ளையிடம் திரும்பும். மேசையைச் சுற்றி, ஸஹனைச் சுற்றி ஒன்றாக உண்ணும் குடும்பங்களுக்கு இது அந்நியமான முறையாக எனக்குத் தெரியவில்லை. கோபப்படாமல், கெஞ்சாமல், விட்டுக்கொடுக்காமல் இருப்பதுதான் சிரமம்.

ஆனால் மிகவும் மெலிந்த பிள்ளைக்கு வீட்டிலேயே திடீரென நிறையச் சாப்பாடு கொடுத்துவிடக் கூடாது. நீண்ட பட்டினிக்குப் பின் உணவு சேரும்போது இரத்தத்தில் பொஸ்பேற்றின் அளவு சடுதியாக இறங்கி, இதயம் நின்றுபோகவும் கூடும். ஆகவே தொடக்கம் வைத்தியர் மேற்பார்வையில், இரத்தப் பரிசோதனையோடு நடக்க வேண்டும். வாந்தி எடுப்பவர்களில் பொட்டாசியம் குறைவதும் இதயத்துக்கு ஆபத்தானது.

நோன்பு பற்றியும் ஒரு வார்த்தை. ரமழான் இந்நோயை மறைக்க வசதியான மாதம். இப்தாரைத் தட்டிக்கழிப்பது, ஸஹருக்கு எழும்பாமல் விடுவது, மாதம் முடிந்த பின்னும் அடுக்கடுக்காக சுன்னத்தான நோன்புகள் என்று போனால் பேணுதல் என்று மகிழ்வதற்கு முன் பிள்ளையின் நிறையைப் பாருங்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. இந்த நோயும் நோய்தான் என்பதை மௌலவிமார் குத்பாவில் ஒரு தடவை சொன்னாலே பல வீடுகளில் பிரச்சினை இலகுவாகும். ஓதிப் பார்ப்பவர்கள் பார்க்கட்டும், ஆனால் அதற்காக கிளினிக் திகதி தள்ளிப் போகக் கூடாது.

மயக்கம், மெதுவான நாடித்துடிப்பு, மாதவிடாய் நின்றுபோதல், எப்போதும் குளிர்கிறது என்று சொல்லுதல், சாப்பிட்டதும் குளியலறைக்குப் போதல் ஆகியவை தாமதிக்கக் கூடாத அறிகுறிகள். மயங்கி விழுந்தால் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுசெல்லுங்கள். மற்றபடி அரச வைத்தியசாலைகளின் மனநல கிளினிக்குகளில் இலவசமாகக் காட்டலாம். எங்கே போவதென்று தெரியாதவர்கள் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம். போகும்போது கடந்த ஒரு வருடத்தில் நிறை எவ்வளவு குறைந்தது என்பதையும், கடைசியாக மாதவிடாய் வந்த திகதியையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.